பத்தொன்பது கிலோ டிரைவர்

பஸ் தாத்தா: மூட்டைக்கு எதுக்கு சம்பந்தி காலர்?

தையல் தாத்தா: காலர் இல்ல அது. கழுத்துப்பட்டி. கட்டாம விட்டா மணல் கொட்டிடாதா?

பஸ் தாத்தா: ஊரு உலகத்துல சாக்கைக் கயிறு போட்டுக் கட்டுவாங்க.

தையல் தாத்தா: கயிறு போட்டா ஒரு பக்கமா சாயும். நான் கீழ நாலு மூலையையும் மடிச்சுத் தச்சிருக்கேன். பாருங்க, சீட்டுல எப்படி ஒழுங்கா உக்காந்திருக்குன்னு.

பஸ் தாத்தா: ஆமா, லட்சணமாத்தான் இருக்கா நம்ம ரெண்டாவது பேத்தி. எடை எவ்வளவு?

தையல் தாத்தா: பத்தொன்பது கிலோ. போன ஞாயித்துக்கிழமை நம்ம வாலு எவ்வளவு இருந்தாளோ அதே. ஒரு பிடி கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

பஸ் தாத்தா: செருப்போடவா?

தையல் தாத்தா: செருப்போட.

பஸ் தாத்தா: ஆளுக்கு அளவெடுக்கறவர்கிட்ட கேட்டது என் தப்பு. சரி, தள்ளி நில்லுங்க. பெட்ரோல் திறந்தாச்சு... சோக்கு இழுத்தாச்சு... சாவி...

தையல் தாத்தா: ஓடுதே.

பஸ் தாத்தா: ஜம்முனு ஓடுது. கேளுங்க, ஒரு இருமல் இல்ல, தும்மல் இல்ல.

தையல் தாத்தா: இப்போ மூட்டையைத் தூக்குங்க.

பஸ் தாத்தா: தூக்கறேன்... ம்ம்... இடுப்பு... தூக்கியாச்சு.

தையல் தாத்தா: நின்னுடுச்சு.

பஸ் தாத்தா: நிக்கணும். அதானே விஷயம். சீட்டுல ஆள் இருந்தா ஓடணும், ஆள் எழுந்தா நிக்கணும். இந்தா, மூட்டையை மறுபடி சீட்டுலயே வெச்சுட்டேன்.

தையல் தாத்தா: மறுபடியும் கேக்கறேன்னு கோச்சுக்காதீங்க. சீட்டுக்கு அடியில இருக்கற அந்த சுவிட்சைக் கழட்டிப் போட்டுட்டா என்ன? யாரு உக்காந்தா என்ன, உக்காராட்டி என்ன, வண்டி பாட்டுக்கு ஓடும்ல?

பஸ் தாத்தா: கழட்டவே கூடாது. பிள்ளை தவறி விழுந்துட்டான்னு வைங்க, வண்டி அந்த இடத்துலயே நிக்கணும். அதுக்குத்தான் வெச்சிருக்கான். பழைய புல்லு வெட்டற மிஷினை வாலுவுக்கு டிராக்டர் ஆக்கணும்னு பிளேடைக் கழட்டினேன். வேகம் ஏறாம இருக்க லீவருக்கு முட்டுக் கொடுத்தேன். கால் எட்டலைன்னு பிரேக்ல கட்டையை வெச்சுக் கட்டினேன். ஆனா அந்த சுவிட்சுல மட்டும் கை வைக்க மாட்டேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஒரு கோழியைக் கூட அடிச்சதில்ல.

தையல் தாத்தா: ஒரு வாத்து?

பஸ் தாத்தா: அது தானா வந்து மோதிச்சு. அந்தக் கதையை யாரு சொன்னா உங்களுக்கு?

தையல் தாத்தா: மாப்பிள்ளைதான்.

பஸ் தாத்தா: பெத்த பையனே இப்படிப் பேரைக் கெடுத்தா, சம்பந்தி வீட்டுல என்ன மதிப்பு இருக்கும் எனக்கு.

தையல் தாத்தா: சரி, வேலைக்கு வாங்க. நான் உக்காந்தா ஓடுது. நீங்க உக்காந்தா ஓடுது. இப்போ மூட்டை உக்காந்தும் ஓடுது.

பஸ் தாத்தா: பூனை உக்காந்தாலும் ஓடுது.

தையல் தாத்தா: பூனையா?

பஸ் தாத்தா: புதன்கிழமை. சீட்டுல சுருண்டு படுத்திருந்தது தெரியாம சாவியைத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. அன்னிக்கு ஓடின பூனைதான், இன்னும் வீட்டுப் பக்கம் தலை காட்டல.

தையல் தாத்தா: சீட்டு லேசா அமுங்கட்டும்னு நான் கடைசியா உள்ள போட்டது பேனா ஸ்பிரிங்ல. பூனை என்ன, காக்கா வந்து உக்காந்தாலே போதும்.

பஸ் தாத்தா: அதேதான்.

தையல் தாத்தா: அப்பறம் எப்படி வாலு உக்காந்தா மட்டும் நிக்குது?

பஸ் தாத்தா: ...கார்புரேட்டரா இருக்கும்.

தையல் தாத்தா: யாரு உக்காந்திருக்கான்னு கார்புரேட்டருக்கு எப்படித் தெரியும்?

பஸ் தாத்தா: பழைய வண்டி சம்பந்தி. அதுக்குன்னு ஒரு குணம் இருக்கும். நான் ஓட்டின பஸ் ஒண்ணு, செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினா மட்டும் ஹாரன் அடிக்காது.

தையல் தாத்தா: ம்... கார்புரேட்டர்னே வெச்சுக்குவோம்.

பஸ் தாத்தா: நாலு தடவை கழுவியாச்சு. அஞ்சாவது தடவையும் கழுவிடலாம். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க.

தையல் தாத்தா: இந்தாங்க.

பஸ் தாத்தா: இது பன்னெண்டு.

தையல் தாத்தா: இதுவா?

பஸ் தாத்தா: இது கத்திரிக்கோல். என்ன ஆச்சு உங்களுக்கு? வந்ததுல இருந்தே ஒரு மாதிரி இருக்கீங்க. ஸ்பேனர் கேட்டா கத்திரிக்கோல் தர்ற ஆளு இல்லையே நீங்க.

தையல் தாத்தா: ஒண்ணுமில்ல. நீங்க மட்டும் என்னவாம்? அந்த நட்டை இவ்வளவு நேரமா விரலால திருகறீங்க. அது எப்பவோ கழண்டு உங்க மடியில கிடக்கு.

பஸ் தாத்தா: ...ஆமா. கிடக்கு.

தையல் தாத்தா: உங்களுக்குத் தெரியுமா?

பஸ் தாத்தா: என்ன தெரியுமா?

தையல் தாத்தா: இல்ல... தெரியலைன்னா விடுங்க.

பஸ் தாத்தா: வியாழக்கிழமையா?

தையல் தாத்தா: ...யாரு சொன்னா?

பஸ் தாத்தா: காலையில பையன் போன் பண்ணான். டிக்கெட் எடுத்துட்டேன்ப்பா, இதுக்கு மேல தள்ள முடியாது, அடுத்த திங்கக்கிழமை இங்க பள்ளிக்கூடம் திறக்கறாங்கன்னான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் கார்புரேட்டரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

தையல் தாத்தா: எனக்கு நேத்தே தெரியும். பொண்ணு பரண்ல இருந்து பெட்டியெல்லாம் இறக்கிட்டா. நீங்க தாங்க மாட்டீங்களேன்னு நான் வாயைத் திறக்கல.

பஸ் தாத்தா: நான் தாங்க மாட்டேனா? நீங்க தாங்குவீங்களா?

தையல் தாத்தா: ...மாட்டேன்.

பஸ் தாத்தா: பின்ன என்ன.

தையல் தாத்தா: மாப்பிள்ளை பாவம், இவ்வளவு நாள் பொறுத்ததே பெருசு. புது வேலைன்னு தனியா போய் மூணு மாசம் ஆச்சு. அம்மாவும் பிள்ளையும் பின்னாடியே போயிருக்கணும்.

பஸ் தாத்தா: வாலுதான் ஒரே பிடிவாதமா நின்னாளே, டிராக்டரை ஓட்டாம வர மாட்டேன்னு. இவனும் போன்ல வாக்குக் கொடுத்துட்டான், சரிம்மா, ஒரு தடவை ஓட்டிட்டுக் கிளம்பி வான்னு. அப்போ இது செடி விக்கற தோட்டத்துல துருப்பிடிச்சுக் கிடந்தது. இன்ஜின் மேல கோழி முட்டையிட்டு வெச்சிருந்தது.

தையல் தாத்தா: அதை ஓட வெச்சுட்டீங்களே.

பஸ் தாத்தா: வெச்சுட்டோம்னு சொல்லுங்க. சீட்டு யாரு தச்சது? பிரேக் கட்டைக்கு வார் யாரு போட்டது? நான் தனியா செஞ்சிருந்தா இந்நேரம் மூணு சக்கரத்துல நின்னிருக்கும்.

தையல் தாத்தா: நல்லா ஓடற வண்டி. பிள்ளை உக்காந்தா மட்டும் நிக்குது. அஞ்சு வாரமா.

பஸ் தாத்தா: அஞ்சு ஞாயித்துக்கிழமை. ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. பிள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருஷமா நாம ரெண்டு பேரும் என்ன பேசியிருப்போம்? சௌக்கியமா. சௌக்கியம். சாப்பிட்டுப் போங்க. இல்ல, கிளம்பறோம். அவ்வளவுதான்.

தையல் தாத்தா: உங்களைப் பார்த்தாலே எனக்கு பயம். சத்தமா பேசறவர், எதுக்கு வம்புன்னு ஒதுங்கிப் போயிடுவேன்.

பஸ் தாத்தா: நான் உங்களைக் கர்வம் பிடிச்ச ஆளுன்னு நினைச்சேன். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோன்னு.

தையல் தாத்தா: வாயில எப்பவும் குண்டூசி இருக்கும். எப்படிப் பேசறது?

பஸ் தாத்தா: ...வியாழக்கிழமைக்கு அப்பறமும் ஞாயித்துக்கிழமை வரும்ல? என்ன பண்ணுவீங்க?

தையல் தாத்தா: கடையைத் திறந்து வெப்பேன். நீங்க?

பஸ் தாத்தா: வண்டியைத் துடைப்பேன்.

தையல் தாத்தா: தனியாவா?

பஸ் தாத்தா: நீங்க வந்தா ரெண்டு துணி வெச்சிருக்கேன்.

தையல் தாத்தா: ...பார்க்கலாம். முதல்ல இன்னிக்கு என்ன பண்றதுன்னு சொல்லுங்க. வியாழக்கிழமை போறது வாலுவுக்குத் தெரியாது. சொல்லவும் கூடாதுன்னு பொண்ணு கண்டிப்பா சொல்லியிருக்கா. புதன்கிழமை சாயங்காலம் நானே சொல்லிக்கறேன், இப்பவே சொன்னா நாலு நாளும் அழுதுக்கிட்டே இருப்பான்னு.

பஸ் தாத்தா: அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை இருக்குன்னு நினைச்சுக்கிட்டு வருவா.

தையல் தாத்தா: ஆமா. இன்னிக்கு ஓட்டலைன்னா ஓட்டவே மாட்டா. அதுவும் அவளுக்குத் தெரியாது.

பஸ் தாத்தா: ஓட்டாமலே அனுப்பறதா? சம்பந்தி, அங்க போய் அவ எல்லாத்தையும் மறந்துடுவா. என்னை மறந்தாலும் பரவாயில்ல. ஆனா தாத்தாங்க ஒரு வண்டி செஞ்சாங்க, அது கடைசி வரைக்கும் ஓடவே இல்லைன்னு மட்டும் ஞாபகம் இருக்கக் கூடாது.

தையல் தாத்தா: கேட் சத்தம் கேக்குது.

பஸ் தாத்தா: வந்துட்டா. முகத்தைத் துடைங்க.

தையல் தாத்தா: நான் ஒண்ணும் அழல.

பஸ் தாத்தா: மூக்குல கிரீஸ் இருக்குய்யா.

வாலு: பஸ் தாத்தா, தையல் தாத்தா, நான் வந்துட்டேன். அம்மா கேட்டுலயே இறக்கி விட்டுட்டுக் கடைக்குப் போயிட்டாங்க. ஒரு மணி நேரம் ஆகுமாம். யாரு இது என் சீட்டுல?

பஸ் தாத்தா: உன் தங்கச்சி.

வாலு: இதுக்குத் தலை இல்ல.

பஸ் தாத்தா: உனக்கு மட்டும் இருக்கா? எங்க, காட்டு... அட, இருக்கு. அப்போ ஹெல்மெட் போட்டுக்க.

வாலு: தாத்தா, இந்த மூட்டை உக்காந்தப்போ வண்டி ஓடிச்சா?

தையல் தாத்தா: ஓடிச்சு.

வாலு: ...ஓ.

பஸ் தாத்தா: என்ன ஓ?

வாலு: ஒண்ணுமில்ல. சும்மா ஓ. பெயின்ட் காஞ்சிடுச்சா?

தையல் தாத்தா: காஞ்சிடுச்சு. நீ கேட்ட அதே கத்திரிப்பூ கலர். தொட்டுப் பாரு.

வாலு: இந்தப் பக்கம் பச்சையா இருக்கு.

பஸ் தாத்தா: கத்திரிப்பூ தீர்ந்து போச்சு. கேட்டுக்கு அடிச்சது கொஞ்சம் மிச்சம் இருந்தது. செடின்னா பூவும் இருக்கும், இலையும் இருக்கும். தங்கச்சியைக் கீழ இறக்கிட்டேன், ஏறு.

வாலு: ஏறிட்டேன்.

பஸ் தாத்தா: கால் எங்க?

வாலு: கட்டை மேல.

பஸ் தாத்தா: கை?

வாலு: ஸ்டியரிங்ல. தாத்தா, ஒவ்வொரு வாரமும் இதையே கேக்கறீங்க.

பஸ் தாத்தா: ஒவ்வொரு வாரமும் கேட்டாத்தான் டிரைவர். முப்பத்தோரு வருஷமும் நான் என்னையே கேட்டுக்கிட்டேன். இரு, இந்தக் கார்புரேட்டரை மாட்டிடறேன்... ஆச்சு. சம்பந்தி, நீங்க அந்தப் பக்கம் கூடவே நடங்க, நான் இந்தப் பக்கம். சாவியைத் திருப்பறேன்... ஓடுது. ஓடுது கண்ணு. மெதுவா பிரேக்ல இருந்து காலை எடு.

வாலு: எடுக்கறேன்...

தையல் தாத்தா: ...நின்னுடுச்சு.

வாலு: நின்னுடுச்சு.

பஸ் தாத்தா: நின்னுடுச்சு...

வாலு: பரவால்ல தாத்தா. கார்புரேட்டரா இருக்கும்.

பஸ் தாத்தா: இருக்கும் இருக்கும்.

வாலு: இல்லைன்னா டயர்ல காத்து இல்லாம இருக்கும். நீங்க பொறுமையா பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. அடுத்த வாரம் வந்து ஓட்டிக்கறேன்.

பஸ் தாத்தா: இன்னொரு தடவை பார்க்கலாமா கண்ணு? நல்லா உக்காந்துக்க. இதோ, திருப்பறேன்... ஓடுது... காலை எடு...

வாலு: மறுபடியும் நின்னுடுச்சு. பாத்தீங்களா? சரி, நான் இறங்கிடறேன். இன்னிக்கு என்ன வேலை? நட்டெல்லாம் மண்ணெண்ணெயில போட்டுக் கழுவலாமா? போன வாரம் நான்தான் கழுவினேன், எவ்வளவு பளபளன்னு ஆச்சு. தையல் தாத்தா, என் ஏப்ரன் கொண்டு வந்தீங்களா? அந்தப் பை வெச்சுத் தச்சது.

தையல் தாத்தா: கொண்டு வந்திருக்கேன்ம்மா.

வாலு: குடுங்க. மொத்தம் எத்தனை நட்டு இருக்கு வண்டியில? எல்லாத்தையும் கழட்டிக் கழுவினா எத்தனை வாரம் ஆகும்?

தையல் தாத்தா: சம்பந்தி.

பஸ் தாத்தா: ம்.

தையல் தாத்தா: போதும்.

பஸ் தாத்தா: மருமக சொல்லக் கூடாதுன்னிருக்காளே.

தையல் தாத்தா: சொல்லிட்டு அவகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கறேன். எனக்குப் பழக்கம்தான்.

வாலு: என்ன சொல்லக் கூடாது?

தையல் தாத்தா: வாலு, இங்க வா. இல்ல... வேணாம், வண்டியிலயே உக்காரு. நான் ஒண்ணு சொல்றேன்.

வாலு: என்ன தாத்தா?

தையல் தாத்தா: அடுத்த வாரம் நட்டு கழுவ முடியாதும்மா.

வாலு: ஏன், உங்களுக்குக் கடை இருக்கா?

தையல் தாத்தா: கடை இல்ல. நீ இருக்க மாட்டே. வியாழக்கிழமை நீயும் அம்மாவும் அப்பாகிட்டப் போறீங்க.

பஸ் தாத்தா: கண்ணு...

வாலு: இல்ல. அப்பா சொன்னாங்க, டிராக்டரை ஓட்டிட்டுத்தான் வரணும்னு. நான்தான் இன்னும் ஓட்டவே இல்லையே. ரிப்பேர் முடியல. அப்பாகிட்ட சொல்லுங்க, ரிப்பேர் முடியலைன்னு.

பஸ் தாத்தா: சொல்லாம இருப்பேனா? ஒவ்வொரு வாரமும் சொன்னேன். அவனும் ஒவ்வொரு வாரமும் சரி, சரின்னான். இப்போ அங்க பள்ளிக்கூடம் திறக்கறாங்கடா. டிக்கெட் எடுத்தாச்சு.

வாலு: வண்டி ஓடலைன்னாலும் போகணுமா?

பஸ் தாத்தா: ஓடினாலும் போகணும். ஓடலைன்னாலும் போகணும்.

வாலு: ரெண்டுமே ஒண்ணா?

தையல் தாத்தா: ரெண்டுமே ஒண்ணுதாம்மா.

வாலு: ...அம்மா ஏன் என்கிட்ட சொல்லல?

தையல் தாத்தா: நீ அழுவேன்னு.

வாலு: நான் அழல.

பஸ் தாத்தா: அழலாம். இங்க நாங்க மட்டும்தான் இருக்கோம். உன் தங்கச்சி வேற இருக்கா, அவளுக்குக் கண்ணு இல்ல.

வாலு: ...தாத்தா, அங்க ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவாங்க?

பஸ் தாத்தா: அப்பாவுக்கு லீவு. மூணு மாசமா உன்னைப் பார்க்காம காஞ்சு போய்க் கிடக்கான். உன்னை இடுப்பை விட்டு இறக்க மாட்டான்.

வாலு: நான் பெரிய பொண்ணு. இடுப்புல எல்லாம் உக்கார மாட்டேன்.

பஸ் தாத்தா: அதை அவன்கிட்ட சொல்லு. கேக்கறானா பாரு.

வாலு: ...நீங்க என்ன பண்ணுவீங்க?

தையல் தாத்தா: நான் இங்க வருவேன். ரெண்டு பேரும் உக்காந்து வண்டியைத் துடைப்போம்.

பஸ் தாத்தா: பார்க்கலாம்னு சொன்னீங்க?

தையல் தாத்தா: பார்த்துட்டேன். வருவேன்.

வாலு: சண்டை போட்டுக்க மாட்டீங்கல்ல?

பஸ் தாத்தா: போட்டுக்குவோம். இல்லைன்னா பொழுது எப்படிப் போகும்?

வாலு: ஸ்டார்ட் பண்ணுங்க.

பஸ் தாத்தா: என்னது?

வாலு: வண்டியை. ஸ்டார்ட் பண்ணுங்க தாத்தா.

பஸ் தாத்தா: இப்போதானே பார்த்தோம். ரெண்டு தடவையும் நின்னுடுச்சே.

வாலு: இப்போ நிக்காது.

பஸ் தாத்தா: கார்புரேட்டர்...

வாலு: கார்புரேட்டர் இல்ல தாத்தா. நான் உக்காந்தா ஓடும்.

பஸ் தாத்தா: இவ்வளவு நாள் உக்காந்துதானே இருந்தே?

வாலு: இல்ல. நீங்க காலை எடுன்னதும்... கட்டையில காலை ஊனி, ஸ்டியரிங்கை நல்லா பிடிச்சுக்கிட்டு... லேசா எழும்பிக்குவேன். இத்தனூண்டுதான். வெளிய தெரியாது. ஓட்டிட்டா ஊருக்குப் போகணும்ல, அதான்.

பஸ் தாத்தா: அடி கள்ளி. கேட்டீங்களா சம்பந்தி?

தையல் தாத்தா: கேட்டேன் கேட்டேன்.

வாலு: திட்டறீங்களா?

பஸ் தாத்தா: திட்டறதா? கால் எங்க?

வாலு: ...கட்டை மேல.

பஸ் தாத்தா: கை?

வாலு: ஸ்டியரிங்ல.

பஸ் தாத்தா: கண்ணு?

வாலு: கண்ணு... ஈரமா இருக்கு. ஒரு நிமிஷம்.

தையல் தாத்தா: இந்தா, இந்தத் துணியால துடைச்சுக்க. புதுத் துணி, கிரீஸ் படாதது.

வாலு: துடைச்சுட்டேன். கண்ணு ரோட்டுல.

பஸ் தாத்தா: சாவியை இந்தத் தடவை நீயே திருப்பு.

வாலு: நானேவா?

பஸ் தாத்தா: உன் வண்டி. இப்படி... வலப்பக்கம்... அவ்வளவுதான்.

வாலு: ஓடுது.

பஸ் தாத்தா: ஓடுது. இப்போ மெதுவா... பூனை நடக்கற மாதிரி... காலை எடு.

வாலு: எடுத்துட்டேன். தாத்தா... போகுது. தாத்தா, இது போகுது.

பஸ் தாத்தா: போகும். நேரா வை. அந்தத் தண்ணித் தொட்டியைப் பார்க்காதே, தொட்டியைப் பார்த்தா தொட்டிக்குத்தான் போகும். நீ போகப்போற இடத்தைப் பாரு.

வாலு: கேட்டைப் பார்க்கறேன்.

பஸ் தாத்தா: அப்படித்தான். சம்பந்தி, கூட வாங்க, பின்தங்காதீங்க.

தையல் தாத்தா: வர்றேன்... இவ்வளவு வேகமா போகும்னு சொல்லவே இல்லையே நீங்க.

பஸ் தாத்தா: இது வேகமா? நடந்துக்கிட்டுத்தானே வர்றோம்?

தையல் தாத்தா: உக்காந்து வேலை பார்க்கறவன்யா நான்.

வாலு: திருப்பவா?

பஸ் தாத்தா: இடப்பக்கம். இன்னும். இன்னும் கொஞ்சம்... இப்போ நேராக்கு. ஆஹா. கை தானா வருது பாருங்க. யாரு பேத்தி.

தையல் தாத்தா: ரெண்டு பேரோட பேத்தி. திரும்பற இடத்துல என்ன ஒரு அளவு. அந்தக் கண்ணு என் பக்கத்துல இருந்து வந்தது.

பஸ் தாத்தா: கைக்குப் பங்கு கேக்காதீங்க. கண்ணை எடுத்துக்கங்க.

வாலு: இன்னொரு ரவுண்டு போகலாமா?

பஸ் தாத்தா: பெட்ரோல் தீர்ற வரைக்கும் போ.

வாலு: தையல் தாத்தா, ஏன் நின்னுட்டீங்க?

தையல் தாத்தா: மூச்சு வாங்குது. நீ போ. நான் இங்க இருந்து பார்க்கறேன். இங்க இருந்து பார்த்தா இன்னும் நல்லா இருக்கு.

வாலு: அடுத்த ரவுண்டுல உங்க பக்கம் வருவேன். கை காட்டுங்க, நிறுத்தறேன்.

பஸ் தாத்தா: கை காட்டினாத்தான் நிறுத்துவியா? நல்ல டிரைவர். ஸ்டியரிங்கை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே கண்ணு, அது எங்கயும் ஓடிப்போகாது... அப்படி, லேசா. பயமா இருக்கா?

வாலு: முதல்ல இருந்தது. இப்போ இல்ல. தாத்தா, அங்க இப்படி வண்டி இருக்குமா?

பஸ் தாத்தா: இருக்கும். பெருசு பெருசா இருக்கும். ஆனா உன் எடைக்கு அளவு பார்த்து யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க.

வாலு: இந்த வண்டியை வித்துடுவீங்களா?

பஸ் தாத்தா: யாரு வித்தா? நீ லீவுக்கு வரும்போது கட்டையைக் கழட்டிடலாம். கால் எட்டும் அப்போ.

வாலு: தையல் தாத்தா கை காட்டறாங்க. நிறுத்தவா?

பஸ் தாத்தா: பிரேக்கை மெதுவா மிதி... இன்னும்... நின்னாச்சு. இப்போ சாவி.

வாலு: ...அணைச்சுட்டேன். சத்தம் நின்னதும் காது என்னமோ மாதிரி இருக்கு.

தையல் தாத்தா: இறங்கறியாம்மா?

வாலு: இல்ல. கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன். நிஜமாவே உக்காந்திருக்கேன், பாருங்க.

பஸ் தாத்தா: பார்க்கறேன் பார்க்கறேன்.

வாலு: தாத்தா, நான் எழும்பிக்கறது உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?

பஸ் தாத்தா: எனக்கா? எனக்கு எப்படி... நான் பாட்டுக்கு இன்ஜினைப் பார்த்துக்கிட்டு...

வாலு: பொய் சொல்லும்போது நீங்க மூக்கைத் தொடுவீங்க. பாட்டி சொல்லியிருக்காங்க.

பஸ் தாத்தா: ...சரி. ரெண்டாவது வாரமே தெரியும். எத்தனை வருஷம் கண்ணாடியில ஆளுங்களைப் பார்த்திருக்கேன். இறங்கப்போற ஆளு ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே சீட்டை விட்டு ஒரு விரல் எழும்பிடுவான். நீயும் அப்படித்தான் எழும்பினே. தையல் தாத்தாகிட்ட கூட நான் சொல்லல, அவரு மனசு ஒடிஞ்சு போவாரேன்னு.

தையல் தாத்தா: ரெண்டாவது வாரமா? உங்களுக்கு அப்போதான் தெரியுமா?

பஸ் தாத்தா: அப்போதான்னா?

தையல் தாத்தா: எனக்கு முதல் வாரமே தெரியும். பிள்ளை உக்காந்தா ஃபிராக்கு மடியணும். மடிப்பு விழவே இல்ல, நேரா தொங்குச்சு. உக்காராத துணிக்கும் உக்காந்த துணிக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் கத்திரி பிடிக்கறேன்? உங்ககிட்ட சொன்னா நீங்க சத்தம் போடுவீங்களேன்னு சும்மா இருந்தேன்.

பஸ் தாத்தா: சம்பந்தி, அப்போ அந்த ஸ்பிரிங்கெல்லாம்...

தையல் தாத்தா: நீங்க நாலு தடவை கழுவினீங்களே கார்புரேட்டர், அந்த மாதிரிதான்.

வாலு: அப்போ ரெண்டு பேருக்குமே தெரியும். ஆனா என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?

பஸ் தாத்தா: ...நீங்களே சொல்லுங்க சம்பந்தி.

தையல் தாத்தா: சொல்லியிருந்தா நீ அன்னிக்கே உக்காந்திருப்பியேம்மா.